அடியில் ஓட்டை இல்லாத கரவனில் 331 கிலோமீற்றர்

சென்ற யூலை மாதக் கடைசியில், கியூபெக்கின் கட்டுமானத் தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விடுமுறையில் போகிற அந்த இரண்டு கிழமைக்குள், நாங்களும் தெருவில் இறங்கினோம். விவரம் தெரிந்தவர்கள் அந்த நாட்களில் வீட்டைவிட்டு அசையமாட்டார்கள். எங்களுக்கும் விவரம் தெரியும். ஆனால் எங்களுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. சாட்சிக்கு எழுபத்தொரு வயது. அவர் அந்தக் கிழமைதான் வீட்டில் நிற்பேன் என்று சொல்லிவிட்டார்.

எதற்குச் சாட்சி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒரு கரவன் இருக்கிறது, காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற சக்கர வீடு. பதின்மூன்று அடி நீளம், முட்டையைப் படுக்கவைத்த வடிவம், முழுவதும் ஃபைபர்கிளாஸ். மேலோடு ஒன்று, கீழோடு ஒன்று. இரண்டையும் இடுப்பில் ஒரு பட்டி போட்டுப் பொருத்தியிருப்பார்கள். எழுபதுகளில், சென் லோரன்ஸ் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், ஒரு சின்னத் தொழிற்சாலை சில வருடங்கள் இவற்றைச் செய்துவிட்டு மூடிவிட்டது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் விலை ஏறும். நான் இன்னொன்றின் மேல் கண் வைத்திருக்கிறேன்.

எங்களுடையது கிடைத்தது மூன்று வருடத்துக்கு முந்திய யூலை முதலாம் திகதி. மொன்றியல் முழுவதும் வீடு மாறுகிற நாள் அது. பார்க்-எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், வீடு மாறிக்கொண்டிருந்த ஒருவர், தன் பின்முற்றத்தில் கிடந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கொண்டுபோனால் போதும் என்றார். உள்ளே ஓர் அணில் குடும்பம் இருந்தது. அவர்களும் அன்றைக்கே வீடு மாறினார்கள்.

என் கணவர் செல்வம் அதன் சுவரை விரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தார், டொக்டர் நோயாளியின் முதுகைத் தட்டுவதுபோல. “நல்ல சாமான்” என்றார். அவர் திருகோணமலையில் மீன்பிடிப் படகு செய்கிற பட்டறையில் ஒன்பது வருடம் ஃபைபர் வேலை செய்தவர். இங்கே பத்தொன்பது வருடமாகக் கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கிறார். இந்தப் பத்தொன்பது வருடத்தில் இந்த நாடு அவரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறது, படிவங்களிலும் நேரிலும். ஒன்றுகூட ஃபைபரைப் பற்றியது அல்ல.

எனக்குப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை. ஆகவே வேலைப் பங்கீடு சுலபமாக முடிந்தது. கரவனில் உடைந்ததை அவர் திருத்துவார். கரவனைப் பற்றித் தொலைந்ததை நான் தேடுவேன்.

திருத்த இரண்டு கோடை பிடித்தது. கோடை என்று கணக்குச் சொல்வதற்குக் காரணம், ஃபைபருக்குப் பூசுகிற ரெசின் குளிரில் இறுகாது. பனிக்காலத்தில் காருக்கு மேல் போடுகிற வெள்ளைத் துணிக் கூடாரம் ஒன்றைச் சந்துப் பக்கம் நிறுத்தி, அடுத்த வருடம் மே மாதமே தொடங்கிவிட்டார். ரெசினை இறுகவைக்கிற ஹார்ட்னரைக் கை பழகிய அளவில் விட்டார். அந்தக் கை திருகோணமலை வெயிலில் பழகியது. கொஞ்சம் கூடினாலும் வாளிக்குள்ளேயே கல்லாகிவிடும் என்று பயந்து பயந்து விடுகிற கை. நான்கு நாளாகியும் ரெசின் தொதல் இனிப்பு மாதிரி விரலோடு வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, யூன் கடைசியில் திரும்பத் தொடங்கினார். அந்த மாதம் முழுவதும் நான் தொதல் என்ற சொல்லை வீட்டில் பாவிக்கவில்லை.

நிறத்துக்கு இன்னொரு பாடு. மூன்று அடுக்குப் பெயின்றுக்குக் கீழே பழைய செம்மஞ்சள் தெரிந்தது. பெயர்ந்து வந்த துண்டு நகத்தளவு. பெயின்ற் கடையில் நிறம் பார்க்கிற இயந்திரத்துக்கு அது போதாது, உள்ளங்கையளவு வேண்டும் என்றார்கள். ஜான்-டலோன் சந்தைக்குப் போய், அந்த நகத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஒப்பிட்டு, கடைசியில் சரியான நிறத்தில் ஒரு குடைமிளகாய் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தோம். இயந்திரம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

இனி ஓட்டை. இந்தக் கரவனின் கீழோட்டின் நடுவில், நிமிர்ந்து நிற்க வசதியாக, குளியல் தொட்டிபோல ஒரு பள்ளம் உண்டு. அதன் நான்கு மூலையிலும் விரல் பருமனில் நான்கு ஓட்டைகள் இருந்தன. வந்த முதல் கிழமையே செல்வம் நான்கையும் அடைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

“அடியில ஓட்டை கிடக்கு. அடைக்காமல் என்னப்பா செய்யிறது?” என்று என்னைப் பார்த்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

இப்படியான கரவன்களில் இன்னும் உயிரோடிருப்பவற்றுக்கு ஒரு பதிவேடு உண்டு. நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவானவை அதில் இருக்கின்றன. அதை நடத்துபவர் புரோசார்ட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். செல்வம் வேலை முடித்த அன்றே நான் இருபத்தெட்டுப் படங்களும் ஒரு விண்ணப்பமும் அனுப்பினேன். எட்டு நாளில் பதில் வந்தது. மூன்று ஆட்சேபங்கள், இலக்கமிட்டு. ஒன்று, தொழிற்சாலைத் தகடு இல்லை. இரண்டு, தெரிந்த எல்லாக் கரவன்களின் அடியிலும் உள்ள நான்கு வடிகால் ஓட்டைகள் இதில் இல்லை. மூன்று, உள்வேலை படகு திருத்துகிறவரின் வேலைபோல் தெரிகிறது. ஆகவே இது வேறு யாரோ அச்செடுத்துச் செய்த நகலாக இருக்கலாம். தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் எழுத்தில் உறுதிப்படுத்தினால் மறுபரிசீலனை செய்யலாம். அப்படி ஒருவர் உயிரோடிருப்பதாகத் தமக்குத் தெரியாது என்பதையும் அன்போடு சேர்த்திருந்தார். நிறத்தைப் பற்றி மட்டும் ஆட்சேபம் இல்லை.

செல்வம் அதை அச்செடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். மூன்றாவது ஆட்சேபத்தின் கீழே பேனையால் கோடு.

“நகல் எண்டுறார்.”

“நகல் எண்டு சொல்லேல்லை. நகலாய் இருக்கலாம் எண்டுதான்...”

“ரெண்டு கோடை நான் முழங்காலில நிண்டது ‘இருக்கலாம்’ எண்ட சொல்லுக்கோ?”

“இஞ்சருங்கோ, அந்த நாலு ஓட்டையையும் திரும்பப் போட்டுவிட்டால் ஒரு ஆட்சேபமாவது குறையும்.”

“என்ர கையால அடியில ஓட்டை போடமாட்டன்.”

“அது படகில்லை. கரவன்.”

“ஏன், ரோட்டில தண்ணி வராதோ?”

அந்தக் கடிதம் பிரிட்ஜில் பத்து மாதம் இருந்தது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவர் அதை வாசித்தார். பதிவேட்டில் ஒரு வரி என்பது சின்ன விஷயம்தான். ஆனால் அவருடைய கையைப் பற்றி இந்த நாட்டில் ஒருவர் எழுதிய முதல் வரி, அது நகலின் கை என்பதாக இருந்தது. அதை அப்படியே விட எனக்கும் மனமில்லை.

தேடத் தொடங்கினேன். அந்தப் பகுதியின் பழைய வாரப் பத்திரிகை மைக்ரோஃபிலிம் என்கிற நுண்படச் சுருள்களில் இருந்தது. பதினொரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். பன்றிக் கண்காட்சிகள், திருமணங்கள், பனிப்புயல்கள் எல்லாவற்றையும் கடந்து, பதினோராவது சனிக்கிழமை ஒரு படம் அகப்பட்டது. ஒரு கொட்டகை, முன்னால் முட்டை ஒன்று, அதன் அருகில் ஆறு பேர், கீழே ஆறு பெயர். ஐந்து ஆண்கள், ரெசின் தூரிகையோடு ஓர் இளம்பெண். அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரில் தொலைபேசிப் புத்தகத்தில் அந்த ஊரில் நான்கு இலக்கங்கள். மூன்றாவது இலக்கத்தில் அவரே எடுத்தார். மதாம் ஜினெட். (அவர் பேசியது பிரெஞ்சு. நான் எழுதுவது எங்கள் தமிழில்.)

“அந்தப் படத்தில நான் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறனோ?” என்று கேட்டார்.

“ஓம், மூடித்தான் இருக்கு.”

“அப்ப அது நான்தான்.”

செவ்வாய்க்கிழமை காலை 6.40க்குப் புறப்பட்டோம். இழுத்தது எங்கள் எட்டு வயது வான் வண்டி. கரவனின் எடை ஏறக்குறைய 480 கிலோ. அதை வானில் கொழுவுகிற குண்டு, இப்போது கடையில் கிடைக்கிற இரண்டு அங்குலம் அல்ல, பழைய ஒன்றேமுக்காலே அரைக்கால் அங்குலம். உங்களிடமும் பழைய கரவன் இருந்தால் குண்டை அளந்துவிட்டுப் புறப்படுங்கள். இரண்டு அங்குலம் என்று நம்பிப் போனவர்களின் அனுபவங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அநேகமாக அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எழுதியவை.

ஆற்றைக் கடக்கிற சுரங்கப் பாதையில் திருத்தவேலை என்பதால் பாலத்தால் போனோம். 7.15க்கு புரோசார்ட். பதிவாளரின் ஊருக்குப் பிரிகிற வழி வந்ததும் செல்வம் வேகத்தை எண்பதுக்குக் குறைத்தார்.

“என்னத்துக்கு இப்ப?”

“வாத்தியார் யன்னலால பாத்தாலும் பாப்பார். ஆறுதலாப் பாக்கட்டும்.”

பின்னால் வந்த லொறிக்காரர் எங்கள் வழக்கைப் பற்றி அறியாதவர். நீளமாக ஹோர்ன் அடித்தார்.

30ஆம் நெடுஞ்சாலையால் போய் 20ஐப் பிடித்தால் பிறகு ஒரே கோடு. 90க்கு மேல் போகவில்லை. கட்டுமான விடுமுறை என்பதால் அசையக்கூடிய எல்லாமே அந்தக் கோட்டில் அசைந்துகொண்டிருந்தது: படகை இழுத்த கார், காரை இழுத்த பஸ், முதுகில் சைக்கிள்களைக் கட்டிய வீடு. டிரமண்ட்வில்லுக்குக் கொஞ்சம் முன்னால் 8.45க்கு ஓய்விடத்தில் நிறுத்தி இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். அரை மணித்தியாலம் என்று நினைத்தது ஒரு மணித்தியாலமாகிவிட்டது. ஏனென்றால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாலரைக் கோடி ரூபாய் பெறுமதியானது என்று சொல்லத்தக்க பஸ் ஒன்றிலிருந்து இறங்கிய தம்பதி, தங்கள் வீட்டை விட்டுவிட்டு எங்களுடையதைப் படம் எடுத்தார்கள். ஒரு பெண், தான் சின்ன வயதில் இப்படி ஒன்றில் சத்தி எடுத்ததாக மகிழ்ச்சியோடு சொன்னார்.

செல்வம் ஒவ்வொருவருக்கும் கதவைத் திறந்து காட்டினார். ஒரு காலைப் படியில் வைத்து, சுவரை முட்டியால் தட்டி, “கேளுங்கோ” என்று பிரெஞ்சில் சொன்னார். என் பிரெஞ்சு புத்தகத்தில் படித்தது. நான் பேசினால் ஆட்கள் மரியாதையாக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அவருடையது மருத்துவமனை நடைபாதையில் பிடித்தது. அவரோடு யாரும் மொழி மாறுவதில்லை. “யார் திருத்தினது?” என்று ஒருவர் கேட்டபோது அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நான் அந்த நேரம் இடியப்பத் தட்டைக் கழுவுவதில் மும்முரமாக இருந்ததாகக் காட்டிக்கொண்டேன்.

மொன்மனியைத் தாண்டி, ஆற்றங்கரைக் கூடாரத் திடலுக்கு 1.20க்குப் போய்ச் சேர்ந்தோம். வான் காட்டியது 331 கிலோமீற்றர். பெற்றோல் 45 லீற்றர். இடத்துக்கு இரவுக்கு 52 டொலர், தண்ணீரும் மின்சாரமும் சேர்த்து. அந்த இடத்தில் ஆறு ஆறு மாதிரி இல்லை; அக்கரை நீல வரியாகத்தான் தெரிந்தது. வற்றுப்பெருக்கும் உண்டு. செல்வம் இறங்கியதும் முதல் வேலையாகக் காற்றை முகர்ந்து, “உப்பு காணாது” என்று தீர்ப்புச் சொன்னார்.

மதாம் ஜினெட் மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. 2.25க்கு நான் தண்ணீர்க் குழாயைக் கரவனோடு இணைத்துத் திறந்தேன். உள்ளே, கழுவு தொட்டிக்குக் கீழே, ஒரு பொருத்து இருக்கிறது. அதை நான்தான் மாட்டினேன், கையால். அதை இறுக்குகிற வளையம் தகரப் பேணிக்குள்ளேயே கிடந்தது. “எல்லாம் சரியோ?” என்று செல்வம் கேட்டார். “சரி” என்றேன். கதவைச் சாத்திவிட்டு ஆறு பார்க்கப் போனோம்.

2.50க்குத் திரும்பி வந்தபோது கரவனுக்குக் கீழேயிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. றப்பர்ச் சப்பாத்துப் போட்ட கால்கள். கரவன் வழக்கத்தைவிடப் பணிந்து நின்றது, ரயர்கள் பிதுங்கியிருந்தன. நான் கதவைத் திறந்தேன். படி விளிம்புவரை தண்ணீர். என் செருப்பும் ஒரு இறாத்தல் பாணும் ஒன்றையொன்று சுற்றி மிதந்துகொண்டிருந்தன. நுண்படப் பிரதிகள் இருந்த கோப்பு மேல்தட்டில் இருந்ததால் தப்பியது.

பக்கத்து இடத்துக்காரர் பியர் கையோடு வந்து எட்டிப் பார்த்து, “உள்ளுக்கு நீச்சல்குளமோ?” என்று கேட்டார். பத்து மாதம், பதினொரு சனிக்கிழமை, 331 கிலோமீற்றர். தொழிற்சாலையில் உயிரோடிருக்கும் ஒரே சாட்சிக்கு நாங்கள் காட்டியது ஒரு குளம். செல்வம் ஓடிப்போய்க் குழாயைப் பூட்டினார்.

கால்கள் அசைந்து, மதாம் ஜினெட் கீழேயிருந்து வெளியே வந்தார். கட்டையான, அகலமான பெண்மணி, காற்சட்டை முழுவதும் சரளைக்கல் தூசி. பொன்ஜூர் சொல்லவில்லை. வலது உள்ளங்கையை எங்கள் முன் நீட்டினார்.

“அடி முழுக்கத் தடவிப் பாத்தன். காஞ்சு கிடக்கு. ஒரு சொட்டு ஒழுகேல்லை. எங்க ஓட்டை?”

செல்வம் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

“நான் அடைச்சுப்போட்டன் மதாம்” என்றார். “நான் முந்திப் படகு செய்தனான். பழக்கம்.”

மதாம் ஜினெட் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, மேசை வாங்கில் உட்கார்ந்து, மேலும் சிரித்தார். “எங்கட முதலாளியும் படகுக்காரன்தான்! கரவன் தொடங்க முதல் இருபது வருசம் படகு. முதல் அஞ்சு கரவனிலயும் அடியில ஓட்டை இல்லை. போடச் சொன்னால், ‘தண்ணியை வெளியில வைக்கிறதுக்கு இவ்வளவு காலம் பழகின என்னை அடியில ஓட்டை போடச் சொல்லுறியளோ’ எண்டு கத்துவான்.”

செல்வம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அந்த மனிதரைக் கண்டதில்லை. ஆனால் அதே குரலை எங்கள் சந்தில், செல்வத்தின் வாயால், நன்றாகவே கேட்டிருந்தேன்.

“பேந்து என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“என்ன நடக்கும்? வாங்கின ஒருத்தி குழாயைப் பூட்டாமல் கடைக்குப் போட்டாள்.” என் முகத்தைப் பார்த்தார். “நீங்கள் முதலாவது ஆள் இல்லை, கவலைப்படாதேங்கோ. அதுக்குப் பிறகு அச்சிலேயே ஓட்டை வைச்சம், சுத்திவர உதடு மாதிரி ஒரு விளிம்போட. வித்த அஞ்சையும் திருப்பிக் கூப்பிட்டு, ட்ரில்லால துளைச்சுவிட்டம். அதுகளுக்கு உதடு இல்லை.” பிறகு செல்வத்திடம், சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நீர் அடைச்சதுக்கு உதடு இருந்ததோ?”

அங்கேதான் எனக்கு விளங்கியது. ஆறாவதிலிருந்து எல்லாம் உதட்டோடு பிறந்தவை. முதல் ஐந்து மட்டும்தான் இல்லாதவை. அதற்கான ஒரே அத்தாட்சியை மூன்று கோடைக்கு முன் என் கணவர் மினுக்கி, கண்ணாடி நார் மட் வைத்து, ரெசின் பூசி, இடம் தெரியாமல் அடைத்திருந்தார். அவ்வளவு நல்லாக அடைத்திருந்தார்.

“உதடு இல்லை” என்றார் செல்வம். “பச்சை ஓட்டை. ஓரத்தில கண்ணாடி நார் நீட்டிக்கொண்டு நிண்டது. நாலும் ஒரே மாதிரி இல்லை. ஒண்டு கொஞ்சம் சரிவு.”

“படம் இருக்கோ?”

செல்வம் போனை எடுத்து வட்ஸ்அப்பில் மேலே மேலே போனார். திருகோணமலைப் பட்டறையில் அவரோடு வேலை செய்த கூட்டாளி இப்போதும் அங்கேயே இருக்கிறார். அவருக்கு அனுப்பாமல் செல்வம் ஒரு ஆணிகூட அடிப்பதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான்கு ஓட்டைக்கும் அடைக்க முன் நான்கு, பின் நான்கு, எட்டுப் படம். ஒவ்வொன்றின் கீழும் கூட்டாளியின் கருத்து: “ஆர் மச்சான் இந்த அறுவான் அடியில துளைச்சது?” “எத்தினை மட் போட்டனி?” “அங்கத்தைக் குளிருக்கு இது காணாது.”

மதாம் ஜினெட் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். சரிந்த ஓட்டையில் நின்றார். “இது என்ர அண்ணன் துளைச்சது. அவன் ஒண்டும் நேராச் செய்யமாட்டான்.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “இது முதல் அஞ்சில ஒண்டு.”

தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினோம். எட்டு லீற்றர்ச் சட்டியால் இருபத்தாறு தரம், இருநூற்றெட்டு லீற்றர். பக்கத்து இடத்துக்காரரும் பியரை வைத்துவிட்டு வந்து உதவினார். தரை துவட்டியதும் மதாம் ஜினெட் உள்ளே ஏறி, இருக்கைப் பலகையைத் தூக்கிவிட்டு, கையை மூலைக்குள் விட்டார்.

“மூலையில மட் இழுபட்டு மெலியும்” என்றார். “நான் ஒரு முக்கோணத் துண்டு வெட்டி, முதலாளி பாக்காத நேரம் மேலதிகமா வைப்பன். மற்ற ஒருத்தரும் வைக்கமாட்டினம்.” தடவினார். “கிடக்கு. இது என்ர.” அடுத்த மூலைக்குப் போனார். “இதுவும் என்ர.” மூன்றாவது. “இதுவும்.” நான்காவது பின்பக்க வலது மூலை... இல்லை, எந்த மூலை என்று சொல்லமாட்டேன். கையை விட்டு, “இதுவும் என்ர” என்றார்.

செல்வம் வாசலில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“மதாம், அது என்ர.”

“எது?”

“கடைசியா நீங்கள் தொட்டது. அந்த மூலை உடைஞ்சு, தெரு தெரிஞ்சது. முழுக்க வெட்டி எடுத்துப்போட்டுப் புதுசாச் செய்தனான்.”

அவர் நம்பவில்லை. திரும்பக் கையை விட்டார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் படத்தில் நின்றது போலவே. மூன்றாவது மூலைக்குப் போனார், திரும்ப வந்தார், விரலால் விளிம்பைத் தேடினார். வெளியே யாரோ ஒரு நாயைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“இந்த முக்கோணம்?”

“எங்கட பட்டறையிலயும் மூலைக்கு முக்கோணம்தான்.”

மதாம் ஜினெட் கண்ணைத் திறந்தார். “உங்கட முதலாளியும் ஏசினவரோ, மட் வீண் எண்டு?”

“ஏசாமல்?”

மதாம் ஜினெட் மேசையிலேயே சாட்சிக் கடிதத்தை எழுதினார். ஒரு பக்கம், தன் கையெழுத்தில், திருத்தம் ஒன்றும் இல்லாமல். போகும்போது, “ஓட்டையைத் திரும்பப் போடும், இல்லாட்டி இன்னொருக்கால் நிரம்பும்” என்றார்.

“குழாயைப் பூட்டினால் காணும் மதாம்.”

“எங்கட முதலாளியும் இதைத்தான் சொன்னவன்.”

மறுநாள் காலை எங்களை அவருடைய காரில் ஏற்றி, ஆறு கிலோமீற்றர் தள்ளியிருந்த பழைய தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார். கொட்டகையில் இப்போது பனி வழிக்கும் வண்டிகள் நிற்கின்றன. பார்க்க வேண்டியது அதுவல்ல; பக்கத்துத் தோட்டத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி. கீழோட்டின் முதல் அச்சு அது, ஓட்டை வைக்க முந்தியது. பள்ளமும் நான்கு மூலையும் அப்படியே இருந்தன. விளிம்புவரை தண்ணீர். செல்வம் குனிந்து அடியைத் தடவினார். மாடுகள் அவரைப் பொருட்படுத்தவில்லை. “நல்ல சாமான்” என்றார். மதாம் ஜினெட் தலையாட்டினார். மொன்றியலுக்கு வியாழன் மாலை 5.10க்குத் திரும்பினோம்.

இதே மாதிரிப் பயணம் போக நினைக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தவை. கட்டுமான விடுமுறைக் காலத்தில் ஆற்றங்கரைத் திடல்களுக்கு மார்ச்சிலேயே இடம் சொல்லிவையுங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒருவர் கைவிட்ட இடம். பழைய கரவன் வாங்கும்போது சுவரைத் தட்டுங்கள். சத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் வாங்கலாம். ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் அங்கே அடுக்குப் பிரிந்திருக்கும். ரெசின் வேலையை இரவும் பகலும் வெக்கையாக இருக்கிற நாளில் தொடங்குங்கள், பழகிய கையை நம்பாதீர்கள். எதையும் அடைக்கவோ வெட்டவோ முன் படம் எடுங்கள். யாருக்காவது அனுப்பியும் வையுங்கள், உங்கள் போன் தொலையும், கூட்டாளிமார் தொலைவதில்லை. ஊர்ப் பத்திரிகைகளின் நுண்படச் சுருள்களைப் பார்க்க நூலகங்களில் காசில்லை, மூக்குக்கண்ணாடி மட்டும் கொண்டுபோங்கள். தண்ணீர்க் குழாயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கடிதத்தையும் எட்டுப் படங்களையும் மாட்டுத் தொட்டியின் படம் ஒன்றையும் பதிவாளருக்கு அனுப்பினேன். பதினாறு நாளில் பதில் வந்தது. வருத்தம் தெரிவிக்கவில்லை, கணித ஆசிரியர்கள் விடையைத் திருத்துவார்கள், வருத்தப்படமாட்டார்கள். ஆனால் பதிவேட்டின் புதிய பிரதியை இணைத்திருந்தார். முதல் ஐந்தில் இதுவரை வேறொன்றும் பதிவாகாததால் எங்களுடையது பட்டியலின் உச்சியில் இருந்தது. குறிப்புப் பத்தியில் அவர் எழுதியிருந்தது இது: “அடியில் ஓட்டை இல்லை, முதல் அமைப்பின்படி. உள்மூலைகள் நான்கு. மூன்று தொழிற்சாலையில் செய்தவை, ஒன்று பார்க்-எக்ஸ்டென்ஷனில். செய்தவராலேயே வேறுபாடு காண முடியவில்லை.”

செல்வம் அதை அச்செடுத்து, பிரிட்ஜில் பழைய கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். பழையதைக் கிழிக்கச் சொன்னேன். கிடக்கட்டும் என்றார். படகு திருத்துகிறவரின் வேலை என்ற வரியின் கீழ் இருந்த கோட்டை மட்டும், இன்னொரு முறை, அழுத்திக் கீறினார்.

கரவன் இப்போது எங்கள் சந்தில் நிற்கிறது. பார்க்-எக்ஸ்டென்ஷன் பக்கம் வருகிறவர்கள் தாராளமாக வந்து, இருக்கைப் பலகையைத் தூக்கி, நான்கு மூலையையும் தொட்டுப் பார்க்கலாம். தேநீர் தருவோம். எந்த மூலை என்று மட்டும் கேட்காதீர்கள். செல்வம் சொல்லமாட்டார்.